காட்டுங்கோ ரீச்சர்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்று இன்றைக்கும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிப்பேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எல்லாரும் ஏதாவது எழுதவேண்டும் என்று செயலாளர் கேட்டபோதெல்லாம் தலையாட்டிவிட்டு எழுதாமல் இருந்தேன். ஸ்டென்சில் வெட்டுகிற தம்பி என் எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். விஷயத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் எழுதப்போவது ஒரு பள்ளிக்கூட ரீச்சரைப் பற்றி. பெயரை எழுதவில்லை. எழுதினால், "சரியா எழுதியிருக்கிறியளோ? எங்க, காட்டுங்கோ" என்று எங்கேயோ இருந்து கேட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

அவரை நான் முதலில் கண்டது ரெயிலில். மெல்பேர்ண் நகரத்திலிருந்து டண்டினொங் போகிற மாலை ரெயில். சேலைக்கு மேலே சாம்பல்நிறக் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு பெண், மேடையில் நின்ற புகையிரத ஊழியரிடம் இது டண்டினொங் ரெயிலா என்று கேட்டார். அவன் ஆம் என்றான். ஏறியதும் கதவோரம் நின்ற ஒரு கிழவியிடம் கேட்டார். அவளும் ஆம் என்றாள். பிறகு என்னைக் கண்டு, முகத்தைப் பார்த்தே தமிழ் என்று தெரிந்துகொண்டு, "அண்ணை, இது டண்டினொங்தானே போகுது?" என்றார்.

"ஓம்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

ஊருக்குப் புதிது போலிருக்கிறது, பாவம் என்று வீட்டில் வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரித் தாதி. ஊர் விஷயமெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள். "அவவோ? பொடியள் படிக்கிற பள்ளிக்கூடத்தில கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற ரீச்சர். எங்கட மகள் வசந்தியும் அவவிட்டத்தான் போறாள். ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் அந்த ரெயிலிலதான் வாறா!"

அதுதான் அவர். ஒருவர் சொன்னால் போதாது. இரண்டு பேர் சொன்னாலும் போதாது. கண்ணால் காண வேண்டும். எதற்கும் "காட்டுங்கோ" என்பார். பால் போத்தலின் திகதியைக் கடைக்காரன் வாயால் சொன்னால் போதாது, போத்தலைத் திருப்பிக் காட்ட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று என் மனைவி சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டம் 'ஷோ மீ அன்ரி'. பெரியவர்கள் அதைத் தமிழாக்கி 'காட்டுங்கோ ரீச்சர்' என்றோம்.

அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். தைப்பொங்கலுக்கு ஒரு டொக்டர் வீட்டுப் பின்வளவில் கூடுவோம். ஜனவரி வெயிலில் பொங்கல் பானையைச் சுற்றி நிற்கும்போது ரீச்சர் வாசலில் தெரிந்தால், மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கராஜுக்குப் பின்னால் போய்விடுவார்கள். விட மாட்டார். பொங்கல் கிண்ணத்தோடு அங்கேயும் போய், "நீ என்னென்ன பாடம் எடுக்கிறாய்? எல்லாம் உன்ர பேரில பதிஞ்சிருக்கோ? இங்கிலிஷ் இருக்கோ? ஆரைக் கேட்டனி?" என்று ஒவ்வொருவராகப் பிடிப்பார்.

இங்கே நவம்பரில் நடக்கிற கடைசி வகுப்புப் பரீட்சையில் இங்கிலிஷோடு சேர்த்து நாலு பாடமாவது தேறினால்தான் பள்ளிப்படிப்பு முடிந்ததாகக் கணக்கு. இங்கிலிஷ் தவறினால் மற்றது எல்லாம் சித்தியடைந்தும் பயனில்லை. பாடத்தை மாற்றி எடுத்து, இடையில் ஒன்றை விட்டு, கடைசியில் ஒன்று குறைந்து போகிற பிள்ளைகள் உண்டு. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ரீச்சரால்தான்.

அந்த டொக்டர் பகிடிக்காரர். ஒருமுறை எல்லாருக்கும் கேட்கும்படி, "ரீச்சர், நாங்கள் கலியாணத்துக்குப் பொருத்தம் பாக்கிறம். நீங்கள் பாடத்துக்குப் பொருத்தம் பாத்துக்கொண்டு திரியிறியள்" என்றார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. "கலியாணம் குழம்பினா வேற இடத்தில பேசலாம் டொக்டர். நவம்பர் குழம்பினா பிள்ளைக்கு ஒரு வருசம் போச்சு" என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் போனபிறகு, தனக்கென்று பிள்ளை இல்லாதவ, அதுதான் ஊர்ப்பிள்ளையளைப் போட்டு வதைக்கிறா என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், நானும் அவரைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவேன். அவர் கேள்வி கேட்கத் தொடங்கினால் நன்றாக இருக்கிற விஷயத்திலும் ஒரு ஓட்டை இருக்கும் போலத் தோன்றும்.

எங்கள் விஷயத்தில் ஓட்டை இருந்தது.

என் மகள் வசந்தி படித்தது பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே இங்கிலிஷும் இரண்டு கணிதமும். பௌதிகமும் இரசாயனமும் அங்கே படிப்பிக்க ஆள் இல்லை. அதனால் ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு, அந்தப் பாட நேரத்தில் மட்டும் நடந்து போய் வருவாள். ரீச்சர் அங்கேதான். கெமிஸ்ட்ரி படிப்பிப்பதோடு, கடைசி வகுப்புப் பிள்ளைகளின் பாடங்கள் பரீட்சைக்குப் போதுமா என்று பார்க்கிற வேலையையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். யாரும் விரும்பாத வேலையாம். அவர் கேட்டு வாங்கினாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் வழக்கம் போலக் குசினிக்குள் போய்விட்டேன். அவர் முன்னறையில் உட்காராமல் நேராகக் குசினிக்கே வந்து, கதிரையை இழுத்துப் போட்டார்.

"அண்ணை, நீங்களும் இருங்கோ. உங்கட பிள்ளையின்ர விஷயம்" என்றார்.

என் மனைவி தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள். வசந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட பள்ளிக்கூடத்தில இவளுக்கு ரெண்டு பாடம். மற்றப் பாடங்கள் எங்க எண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டன். வசந்தி எண்டு முதற்பேரோட ஒரு பிள்ளையும் தங்களிட்ட இல்லை எண்டினம். எங்கட பிரின்சிபலைக் கேட்டன். அது எங்கட பிள்ளை இல்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளை, நீங்கள் ஏன் மினக்கெடுறியள் எண்டார். அவை இவையின்ர எண்டினம், இவை அவையின்ர எண்டினம். ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவில ரெயில் பாதை. பிள்ளை அதில நிக்குது."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உண்மையாகவே தண்டவாளத்தில் அவள் நிற்பது போலத் தெரிந்தது.

"பிள்ளை, அங்க உன்னை என்னெண்டு கூப்பிடினம்?"

வசந்தி என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "கந்தையா எண்டு."

கந்தையா என்பது நான்.

என் மனைவி கேத்திலை விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்னடி சொல்லுறாய்?"

"முதல்நாள் அப்பிடித்தான் கூப்பிட்டவை. நான் எழும்பி நிண்டன். பிறகு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."

"அது அப்பான்ர பேர் எண்டு சொல்லேல்லையோ?"

"ரீச்சர்மார் கூப்பிடேக்க, பிழை எண்டு எப்பிடியம்மா சொல்லுறது?"

எங்கள் வழக்கப்படி என் மனைவி பள்ளிக்கூடத்தில் கந்தையா வசந்தி என்று கொடுத்திருந்தாள். தகப்பன் பெயர் முதலில், பிள்ளை பெயர் பின்னால். இந்த நாட்டில் முதலில் வருவது ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர். ஆகவே அங்கே என் மகள் கந்தையா. வசந்தி அவளுடைய குடும்பம். ஒரு வருடத்துக்கு மேல் என் பெயரைக் கூப்பிட அவள் எழுந்து நின்றிருக்கிறாள். ஆசிரியரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று நாங்கள்தான் சொல்லி வளர்த்தோம்.

ரீச்சர் மேசைத்துணியின் விளிம்பை மடித்து மடித்து விரித்தார்.

"எங்கட பள்ளிக்கூடத்துக்கு முதல் வந்த அண்டைக்கு, தமிழிலதான் நான் இவளின்ர பேரைக் கேட்டன். வசந்தி எண்டாள். அப்ப பேர் வசந்தி, குடும்பப்பேர் கந்தையா எண்டு நான்தான் சரியாப் பதிஞ்சன். பரீட்சைக்கும் அப்பிடியே அனுப்பினன். சரியாத்தான் பதிஞ்சன். ஆனா அவையிட்ட என்ன பேர் எண்டு போய்ப் பாக்கேல்லை. நான் பாக்கேல்லை, அக்கா."

கடைசிச் சொற்களை அவர் சொன்ன விதத்தில், யாரோ செத்துப்போனது போல இருந்தது.

"அதுக்கென்ன ரீச்சர், பேர்தானே" என்றாள் என் மனைவி.

"பேர்தானே எண்டு சொல்லாதேங்கோ. பரீட்சை நடத்துற கந்தோரின்ர பதிவில இப்ப ரெண்டு பிள்ளையள். ஒருத்திக்கு மூண்டு பாடம், மற்றவளுக்கு ரெண்டு. நாலு பாடம் ஒருத்திக்கும் இல்லை. இவள் எல்லாத்திலயும் நூறு எடுத்தாலும் ரெண்டு பேரும் பெயில்."

வசந்தி அழத் தொடங்கினாள். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரீச்சர் அவளை அதட்டினார். "நீ ஏன் அழுறாய்? பிள்ளை பிழை விடலாம். பள்ளிக்கூடம் விடக்கூடாது. போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படி."

அன்று தேத்தண்ணியை ஆறவிட்டபடி ஒரு பொடியனைப் பற்றிச் சொன்னார். அவர் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். வகுப்பு மாறியபோது ஒரு பாடத்தை விடச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பரீட்சை மறுமொழி வந்த ஜனவரியில்தான் ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. "எங்களுக்கும் அண்டைக்குத்தான் தெரியும். ஜனவரியில தெரியப்படுத்துறது பள்ளிக்கூடமில்லை அண்ணை. அது தபால்கந்தோர்."

எனக்குப் படிப்பு விஷயம் விளங்காது. ஆனால் இது விளங்கியது. நான் வேலை செய்வது பழங்களைத் தகரப் பேணியில் அடைக்கிற தொழிற்சாலையில். நெளிந்த பேணி கடைக்குப் போய்விட்டால் யாரும் பேணியைக் கேட்பதில்லை. பேணிகள் பட்டியில் ஓடுகிற இடத்தில் பார்த்துக்கொண்டு நின்றவனைத்தான் கேட்பார்கள்.

"இப்ப என்ன செய்யிறது ரீச்சர்?" என்று நான் கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"நாளைக்குப் பரீட்சைக் கந்தோருக்குப் போறன். நீங்களும் வரவேணும்."

"நானோ?"

"ஓம். கந்தையா ஆரெண்டு அவைக்குக் காட்டவேணும்."

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காலையில் வேலைக்குச் சொல்லிவிட்டு, கலியாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு ரெயிலேறினேன். வழி முழுக்க மனதுக்குள் ஐ ஆம் கந்தையா, ஐ ஆம் கந்தையா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ரீச்சர், இது நகரத்துக்குப் போகிற ரெயில்தானா என்று மூன்று பேரிடம் கேட்டார்.

கந்தோரில் ஒரு நீளமான மேசைக்கு அந்தப் பக்கம், தோளளவு முடியும் அகலமான கழுத்துப்பட்டியுமாக ஒரு இளைஞன். ரீச்சர் பேசப் பேச அவன் உள்ளே போய் வந்தான். பிறகு ஏதோ சொன்னான். ரீச்சர் என் பக்கம் திரும்பி, "இவர் சொல்லுறார், ரெண்டு தனித்தனிப் பிள்ளையள்தானாம். ரெண்டு பள்ளிக்கூடம் அனுப்பினதாம். கந்தையா எண்டொரு பிள்ளை இருக்கெண்டு ஒரு பள்ளிக்கூடமே சொல்லேக்க தான் எப்பிடி இல்லையெண்டுறது எண்டு கேக்கிறார்" என்றார். பிறகு என் முதுகில் லேசாகத் தட்டினார். "இப்ப சொல்லுங்கோ."

"ஐ ஆம் கந்தையா" என்றேன். கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவன் கடவுச்சீட்டைப் பார்த்தான். என் மீசையைப் பார்த்தான். நரை விழுந்த தலையைப் பார்த்தான். ரீச்சர் இங்கிலிஷில் ஏதோ சொல்ல, அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வெளியே வந்தபிறகுதான் கேட்டேன். "பரீட்சை எழுதப்போறது இவரில்லை, இவற்ற மகள் எண்டன்" என்றார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, கணிதம் இரண்டும் இங்கிலிஷும் என்று மூன்று பாடத்துக்குப் பெயர் பதிந்திருந்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன், போங்கள் என்றான் அவன். நான் எழுந்துவிட்டேன். ரீச்சர் எழவில்லை.

"ஷோ மீ" என்றார்.

அவன் ஏதோ விளக்கம் சொன்னான். இன்றைக்குச் செய்ய முடியாது என்றிருக்க வேண்டும். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரக் கதிரையில் போய் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் வந்து போனார்கள். மத்தியானம் அவன் சாப்பிடப் போய் வந்தான். நாங்கள் அப்படியே இருந்தோம். எங்களைத் துரத்திவிடுவார்களோ, பொலீசைக் கூப்பிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவரைப் பார்த்தேன். அவரும் கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தார். அதுவரை அவர் பயமில்லாதவர் என்று நினைத்திருந்தேன்.

"ரீச்சர், அவன் செய்வான்தானே. போவமே?" என்றேன்.

"செய்வான் அண்ணை. நல்ல பொடியன். அந்த முந்தின பள்ளிக்கூடத்திலயும் எல்லாரும் நல்ல ஆக்கள்தான்."

பின்னேரம் அவன் ஒரு அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ரீச்சர் விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் பாருங்கோ."

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது ரீச்சர்."

"எத்தினை வரி எண்டு பாருங்கோ."

ஐந்து வரி. அதற்கு மேலே ஒரே ஒரு பெயர்.

அதோடு பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். ரீச்சருக்குத் தீரவில்லை. பரீட்சை நடந்த மண்டபத்துக்கு நவம்பர் வெக்கையில் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, வசந்தியின் மேசையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விஷயத்தில் தலையிட்டார் என்று அவருடைய பிரின்சிபல் கூப்பிட்டுக் கண்டித்ததாகவும், அடுத்த வருடம் அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருடம் வேறு மாநிலத்துக்கு மாறிப் போய்விட்டார். எங்கே என்று சரியாகத் தெரியாது. இப்போது அந்தப் பள்ளிக்கூடங்களில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. பார்க்கிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

மறுமொழி வரும்போது நான்தான் தனக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். "பிள்ளை சந்தோசத்தில ஒரு பாடத்தைச் சொல்லாமல் விட்டுடும்" என்றார்.

ஜனவரியில் கடிதம் வந்தது. வசந்தி உடைத்துப் பார்த்தாள். சத்தம் போட்டாள். தாயிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் கடிதத்தையும் சில்லறையையும் எடுத்துக்கொண்டு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். அதுவரை நான் தனியாக ஒருவருக்கும் தொலைபேசி எடுத்ததில்லை.

மணி ஒருமுறை அடித்து முடியவில்லை, எடுத்துவிட்டார்.

"ரீச்சர், கந்தையா கதைக்கிறன். கடிதம் வந்திட்டுது. பாஸ்."

"பாஸ் எண்டு ஆர் சொன்னது?"

"வசந்தி."

"வாசியுங்கோ அண்ணை. ஒவ்வொரு வரியா. எழுத்துத் தெரியும்தானே?"

ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருந்த எழுத்தைச் சொன்னேன். பீ. சீ. பீ. ஏ. கடைசி வரியில் டீ.

"டீ எதுக்கு? முதல் எழுத்து என்ன?"

"ஈ."

"இங்கிலிஷ்" என்றார். மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. "டீ காணும். டீ பாஸ்தான். அஞ்சு வரியும் ஒரே தாளிலயோ?"

"ஓம்."

"எத்தினை கடிதம் வந்தது?"

"ஒண்டு, ரீச்சர்."

"வடிவாப் பாத்தனீங்களோ? கந்தையா எண்ட பேருக்கு இன்னொண்டு வந்து பெட்டிக்குள்ள கிடக்கும். போய்ப் பாத்திட்டு எடுங்கோ. நான் நிக்கிறன்."

பெட்டியில் வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்தை எடுத்தவனே நான்தான். ஆனாலும் போனேன். போகப் போக நடை வேகமாகி, கடைசியில் ஓடினேன். தகரப் பெட்டிக்குள் கையை விட்டு, மூலை மூலையாகத் தடவினேன். வெயிலில் தகரம் சுட்டது. ஒரு காய்ந்த இலைதான் அகப்பட்டது. திரும்பி வந்தபோது கூண்டுக்குள் வேறொருவர் பேசிக்கொண்டு நின்றார். அவர் முடிக்கும் வரை அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, பிறகு திரும்ப எடுத்தேன்.

"பெட்டி வெறும்பெட்டி, ரீச்சர்."

"உள்ளுக்குக் கையை விட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம். பாத்தன்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்:

"நல்லது. நாளைக்கும் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். வசந்தி படிப்பு முடித்து, இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இன்றைக்கு இதை எழுத உட்காருவதற்கு முன்னும், ஞாயிற்றுக்கிழமையில் தபால் வராது என்று தெரிந்தும், போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

டண்டினொங்
16 டிசம்பர் 1979, ஞாயிற்றுக்கிழமை